அதிராத பெட்டி

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டுவிட்டது. ஒட்ட வந்தவர் ஒரு பழைய மக்கில் ரெசின் பசையை ஊற்றி, அதை இறுக வைக்கிற ஹார்டனரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க ஆரம்பித்ததும் அந்த நெடி படி வழியாக இறங்கி அடுப்படி வரைக்கும் வந்தது. என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு மாடிக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். வேலையைக் கண்காணிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். மோந்து பார்க்க வந்தேன் என்று எப்படிச் சொல்வது?

அந்த நெடியிலேயே கொஞ்ச காலம் நான் குடியிருந்திருக்கிறேன். ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. அங்கே கார்களுக்கு ஸ்பீக்கர் பெட்டி செய்துகொண்டிருந்தோம். ‘செய்துகொண்டிருந்தோம்’ என்று பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன். செய்தது என் கூட்டாளி கிட்டு. பி.காம். படித்துவிட்டு மில் ஆபீசில் உட்காரப் பிடிக்காமல் வந்த எனக்கு அவன் கொடுத்த வேலை, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. கிட்டு எல்லாரிடமும் தமிழ்தான் பேசுவான். ரெசின் கெட்டுப்போனால் மட்டும் வீட்டுத் தெலுங்குக்குப் போய்விடுவான். அப்போது பக்கத்தில் நிற்காமல் இருப்பது நல்லது.

ரெசினைக் கெடுப்பது சுலபம். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் ஹார்டனர் ஒரு சொட்டு கூடினால் போதும், மக்கு புகைய ஆரம்பித்துவிடும். ஒரு தடவை போன் வந்ததென்று திரும்பிவிட்டு வந்து பார்த்தால், பிரஷ் மக்குக்குள் நட்டுக்குத்தலாக இறுகி நிற்கிறது. அந்த மக்கை ரொம்ப நாள் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தோம். வருகிறவர்கள் எல்லாம் அது என்ன என்று கேட்பார்கள். கிட்டு என்னைக் கை காட்டுவான்.

வேலை இதுதான். ஸ்பீக்கர் உட்காரும் வளையத்தைக் கதவில் வேண்டிய கோணத்தில் நிறுத்தி, அதன் மேல் பனியன் துணியை முரசுக்குத் தோல் கட்டுவதுபோல இழுத்துக் கட்டுவோம். துணி தானாகவே ஒரு வளைவெடுக்கும். அதன்மேல் ரெசின் பூசினால் அந்த வளைவு அப்படியே இறுகும். பிறகு கண்ணாடி இழைப் பாயை அடுக்கடுக்காக ஒட்டி, குமிழி இல்லாமல் உருட்டி, மேடு பள்ளம் நிரவப் பட்டி பார்த்து, தேய்த்து, ரெக்சின் போடுவோம். இழை உடம்பில் ஏறினால் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே கிடக்க வேண்டும். என் கைலியை வீட்டில் தனி வாளியில்தான் துவைப்பார்கள். எனக்கும் தனித் தட்டு வைக்காததுதான் பாக்கி.

நல்ல பெட்டி என்றால் அதிரக் கூடாது. பாட்டு ஸ்பீக்கரிலிருந்து வர வேண்டும், பெட்டியிலிருந்து வரக் கூடாது. வேலை முடிந்ததும் கிட்டு டீக்கடையில் விளிம்பு வரைக்கும் டீ வாங்கி வரச்சொல்லி, கிளாஸைப் பெட்டி மேல் வைத்துச் சத்தத்தை முழுசாகத் திருப்புவான். டீயில் ஒரு வளையம் ஓடினாலும் வண்டி வெளியே போகாது. ஓடாவிட்டால் அந்த டீயை வண்டிக்காரருக்குக் கொடுப்பான். செட்டியார்பட்டியிலிருந்து ஒருவர் அந்த டீக்காகவே இரண்டாவது வண்டியையும் கொண்டுவந்தார்.

தேவசகாயம் ஐயா எங்களைத் தேடி வரவில்லை. பக்கத்துக் கடைக்கு சீட் கவர் மாற்ற வந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். செத்த நேரம் நிழலுக்கு ஒதுங்கியவர், பாதி வேலையில் இருந்த ஒரு பெட்டி மேல் கையை ஊன்றிக்கொண்டார். துணியும் ஒரு பூச்சு ரெசினும் மட்டும் ஏறியிருந்த பெட்டி. கிட்டு அதில் ஸ்பீக்கரை மாட்டி ஏதோ ஒரு பாட்டை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கையை எடுக்கவே இல்லை. பிறகு, கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

“தம்பி, எனக்கு ஒண்ணு இந்த மாதிரி போடணும். ஒரு காது பீரங்கியோட போச்சு. இன்னொண்ணும் போய்க்கிட்டே இருக்கு. எங்க வீட்டுக்காரி கோயில்ல பாடுதா. வாய் அசையுறது தெரியுது, பாட்டு வர மாட்டேங்குது.”

கோயில் என்று அவர் சொன்னது அவர்கள் ஊர்த் தேவாலயத்தை. மனைவியின் பாட்டுகளை யாரோ சிடியில் பதிந்து கொடுத்திருந்தார்கள். வீட்டில் போட்டுப் பார்த்தாராம், காதில் மிஷினும் வைத்துப் பார்த்தாராம், இரைச்சல்தான் வந்ததாம். இருக்கிற கொஞ்சமும் போவதற்குள் அந்தக் குரல் தனக்கு வந்து சேர வேண்டும் என்பது அவர் கவலை. எங்களுக்கு அவர் சொன்னதில் பாதிதான் ஏறியது. காது கேட்காதவர், அதனால் பெரிய சத்தம் வேண்டும் என்று எடுத்துக்கொண்டோம்.

அவருடைய பழைய மாருதியின் டிரைவர் பக்கக் கதவில் கிட்டு தன் வாழ்நாளின் சிறந்த பெட்டியைச் செய்தான். பாய்க்கு மேல் பாய். விரல் முட்டியால் தட்டினால் ஆட்டுக்கல்லைத் தட்டிய மாதிரி இருந்தது. டீ அசையவில்லை. ஐயாவும் அவர் மனைவி ரூபி அக்காவும் வந்தார்கள். ஐயா வண்டிக்குள் உட்கார்ந்து, சிடியைப் போட்டு, பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்துக்கொண்டே இருந்தார்.

“என்ன தம்பி, பெட்டி சும்மா கெடக்கு?”

“சும்மா கெடக்கணும் ஐயா. அதுதான வேலையே!” என்றான் கிட்டு, பூரித்துப்போய்.

அவர் முகம் விழுந்துவிட்டது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அன்றைக்கு அவர் கேட்டது காதால் இல்லை, கையால். கைக்கு வந்ததை நாங்கள் பாய் பாயாக ஒட்டி அடைத்துவிட்டோம். வண்டிக்கு வெளியே நின்ற ரூபி அக்கா சிரித்துச் சமாளித்தார். “விடுங்க. நான் ஏசுறதே இம்புட்டு நாளா அவியளுக்குக் கேக்கல. பாட்டு கேட்டு என்ன ஆகப் போவுது?” சிரித்தாரே தவிர, கண் கணவரின் கையை விட்டு நகரவில்லை. எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது.

கிட்டு லேசில் இறங்கி வரவில்லை. “அதிருற பெட்டி போட்டா நாளைக்கு எவம்லே நம்ம கடைக்கு வருவான்?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தான். தெலுங்கும் கொஞ்சம் வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து, பெட்டியின் மேல்பக்கத்தை உள்ளங்கை அகலத்துக்கு அறுத்து எடுத்தான். அந்த இடத்தில் கண்ணாடி இழைப் பாயைப் போட்டால் மறுபடியும் கல்லாகிவிடும், பனியன் துணி மட்டும் என்றால் தினமும் கை ஊன்றி நாளடைவில் அமுங்கிவிடும். சத்திரப்பட்டித் தறியில் நெய்கிற பேண்டேஜ் துணி எங்கள் கடையில் கை துடைக்கக் கிடந்தது. அதை மடித்து, ரெசினில் நனைத்து, இழுத்து ஒட்டினான். “காருக்கு மாவுக்கட்டா?” என்று சீட் கவர் கடைக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் கிட்டு டீ வாங்கச் சொல்லவில்லை. நானாகவே வாங்கி வந்து மேலே வைத்தேன். பாட்டு ஆரம்பித்ததும் டீ தளும்பி வழிந்தது. ஐயா கையை வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் விரல்கள் பாட்டோடு மெல்ல ஏறி இறங்க ஆரம்பித்தன. “இவ வருதா” என்றார் மனைவியைப் பார்த்து. அவ்வளவுதான் சொன்னார். கிட்டு பட்டி பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் பட்டி பார்க்கப் போய்விட்டான்.

பிறகு காலம் மாறியது. கார்கள் கம்பெனியிலிருந்து வரும்போதே திரையும் ஸ்பீக்கருமாக வந்தன, கதவைக் குடைந்தால் வாரண்டி போய்விடும் என்றார்கள். கிட்டு கோயம்புத்தூர்ப் பக்கம் பஸ் பாடி கட்டப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். நான் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன், அதாவது புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. முன்பு ரெசின் சிந்திக் கிடந்த தரையில் கண்ணாடி மாதிரி டைல்ஸ்.

கடையை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ரூபி அக்கா தன் தம்பியோடு அந்த மாருதியில் வந்தார். ஐயா போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். வண்டியை வ. புதுப்பட்டிக்காரர் ஒருவர் வாங்குகிறாராம். கதவில் புடைத்துக்கொண்டிருக்கிற இதைக் கழற்றிவிட்டால்தான் எடுப்பேன் என்கிறாராம்.

கிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தான். “செத்த இருங்க” என்று அக்கா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அந்த சீட்டில் அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. சிடியைப் போடச் சொன்னார். சேலைத் தலைப்பால் இரண்டு காதையும் இறுக்கப் பொத்தி, தலையைச் சாய்த்து சீட்டோடு அழுத்திக்கொண்டு, ஒரு கையை விடுவித்துப் பேண்டேஜ் துணி போட்ட இடத்தில் வைத்தார். அவருடைய குரலே வண்டி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்தது. தலைப்பை எடுத்தார்.

“இம்புட்டுத்தான் அவியளுக்குக் கேட்டுதா?”

“அம்புட்டுத்தான்க்கா” என்றான் கிட்டு.

“இது தெரியாம, அவியளுக்குக் கொஞ்சமாவது கேக்கும்னு, நான் ஒவ்வொரு வாரமும் சுதி விலகிடப்படாதேன்னு பயந்து பயந்து பாடுனேனே” என்று சொல்லி அக்கா அழுதார். அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தார்.

மெல்லிசான இடம். கிட்டு கழற்றும்போது அவன் கையோடு உடைந்து வந்துவிட்டது.