நாலு காப்பும் ஒரே கையில்

நன்னிலத்திலிருந்து போகிற டவுன் பஸ்ஸில் மதகடி ஸ்டாப்பில் இறங்கி, வாய்க்கால் கரையோடு கொஞ்ச தூரம் நடந்தால் பழைய மதகு ஒன்று வரும். மதகுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். கூரை கிடையாது, கோபுரம் கிடையாது. அதுதான் மதகடிப் பிடாரி. தெருவிலுள்ள அறுபது வீட்டுக்கும் அவள்தான் எல்லை, அவள்தான் காவல். அவளை நம்பித்தான் ரெத்தினம் ஒரு காரியம் செய்தார். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். நல்லது என்று நினைத்துச் செய்தார். அதுதான் வயிற்றெரிச்சல்.

பிடாரி கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். எந்தக் காலமோ, ஒரு ஐப்பசி வெள்ளத்தில் மதகு பிய்த்துக்கொண்டது. நிலத்துக்காரர்கள் மேட்டுக்கு ஓடிவிட்டார்கள். பண்ணையில் வேலை பார்த்த அண்ணன் தம்பி நாலு பேர் உடைப்பில் இறங்கி, வைக்கோல் பிரியும் மூங்கில் தட்டியும் வைத்து, முதுகைக் கொடுத்து நின்றார்கள். அவர்களுக்குக் கஞ்சி கொண்டுவந்த தங்கச்சி கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்தாள். கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். ஒருத்தன் நகர்ந்தாலும் தெருவே போய்விடும் என்று நாலு பேரும் நகரவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு அவளை அந்த வேப்பமரத்தடியில் கண்டெடுத்தார்களாம். அன்றைக்கு நட்ட கல் அது.

அதிலிருந்து வருஷா வருஷம் ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நாலு பேர் கையில் மஞ்சள் நூல் காப்புக் கட்டுவார்கள். அந்த நாலு அண்ணன் தம்பி வாரிசுகளுக்கு நாலு கரை என்று பெயர். கரைக்கு ஒரு ஆண். அடுத்த செவ்வாய் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் கட்டினவன் எல்லையைத் தாண்டக்கூடாது. மதகுதான் எல்லை. கட்டினவன் வீட்டில் கண்ணீர் விழக்கூடாது. அவன் பெண்சாதி மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, தினமும் சாயங்காலம் கல்லைச் சுற்றிக் கும்மிக்கு முன்பாட்டுப் பாட வேண்டும். ஒருத்தர் வீட்டில் சாவு விழுந்தால் அவர் காப்பை அவிழ்த்து மற்ற மூன்று பேரில் ஒருத்தர் கையில் கட்டிவிடுவார்கள். ஒருத்தன் சரிந்தால் அடுத்தவன் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று பெரியவர்கள் யோசித்து வைத்த ஏற்பாடு. நாலும் ஒருத்தன் கையில் இருந்தால் என்ன செய்வது என்று அவர்கள் யோசிக்கவில்லை. அப்படி ஒரு காலம் வரும் என்று யார் கண்டது?

வந்தது. தொண்ணூறுக்கு அப்புறம் தெருவில் ஆம்பளை தங்கவில்லை. அறுப்பு மிஷின் வந்து ஒரே நாளில் இருபது பேர் வேலையைத் தின்றுவிட்டுப் போனது. இருந்த நிலத்தை விற்றுவிட்டு மிராசுதார் மெட்ராஸ் போனார். கூலிக்கு இருந்தவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும், சிங்கப்பூருக்கும், சவுதிக்கும் போனார்கள். ரெத்தினம் மட்டும் மிராசுதார் விற்றதில் மூணு மா, அதாவது ஒரு ஏக்கர், நிலத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அப்பா பண்ணையாளாக உழுத அதே வயல். அதில் சொந்தமாக ஏர் பூட்டின அன்றைக்கு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதார் அந்த மனுஷன். அதற்கப்புறம் அவரை அங்கிருந்து நகர்த்த யாராலும் முடியவில்லை.

மகன் நெடுஞ்செழியன் அப்படி இல்லை. ஐ.டி.ஐ. படித்துவிட்டு வீட்டில் இருந்தான். நன்னிலம் கடைத்தெருவில் மளிகை வைத்திருக்கும் ஹபீப் முகம்மதுவின் மகன் சித்தீக் சவுதியில் தம்மாமில் வேலை பார்க்கிறான். அவன் மூலமாக விசா வந்தது. போகும்போது ரெத்தினம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பெண்சாதி பொன்னுத்தாய்தான் மதகு வரைக்கும் போய், பிள்ளை நெற்றியில் பிடாரி மண்ணைப் பூசி பஸ் ஏற்றிவிட்டாள். ரெண்டு வருஷத்தில் வந்துவிடுவேன்மா என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன மறு வருஷம் மேட்டூர் திறக்கவில்லை. அதற்கடுத்த வருஷமும், அதாவது இரண்டாயிரத்து மூன்றிலும், ஆடி பிறந்து பத்து நாளாகியும் தண்ணீர் இல்லை. வாய்க்காலில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடினார்கள். நாலு வருஷமாகத் திருவிழா எடுக்கவில்லை, அதுதான் ஆத்தா கண்ணை மூடிக்கொண்டாள் என்று தெருவில் பேச்சுக் கிளம்பியது. எடுத்துவிடலாம், ஆனால் கட்டிக்கொள்ள ஆள் எங்கே? ஒரு கரை சிங்கப்பூரில். ஒரு கரை சென்னையில் ஆபீசர். கடைசி நாளைக்குக் காரில் வந்து தலையைக் காட்டுவதாகச் சொல்லிவிட்டார். இன்னொரு கரைக்காரர் நடராசன் திருப்பூரிலிருந்து, மிச்சமிருந்த நாலாவது கரையான ரெத்தினத்துக்குப் போன் பண்ணி, லீவு கிடையாது, என் பேருக்கு நீயே கட்டிக்கொள் சித்தப்பா என்றார். பிடாரியை எல்லாம் மிஸ்டு கால் அளவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

பூசாரி வைத்தியலிங்கம் தயங்கினார். ரெண்டு காப்பு ஒரே கையில் பார்த்திருக்கிறேன், நாலு பார்த்ததில்லை என்றார். இடையில் ஏதாவது நேர்ந்தால் காப்பை அறுத்துப் போட்டுவிட்டு, மூன்று வருஷம் திருவிழாப் பேச்சே எடுக்கக்கூடாது என்றும் சொன்னார். ரெத்தினத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரை விட்டுப் போகாதவன் நான் ஒருத்தன்தான், எனக்கு என்ன நேர்ந்துவிடும் என்று வலது கையை நீட்டினார். நாலு நூலும் ஏறியது. எல்லாரும் குலவை போட்டார்கள். பொன்னுத்தாய்க்குப் பெருமை தாங்கவில்லை. இதை நெடுஞ்செழியனுக்குச் சொல்ல வேண்டும் என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெத்தினம் மதகடியைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது டி.வி.எஸ். ஐம்பதில் ஹபீப் முகம்மது வந்தார். திருவிழாவுக்கு ஊதுபத்தியும் பன்னீரும் எப்போதும் அவர் கடையிலிருந்துதான் வரும். அதைக் கொண்டுவந்திருக்கிறார் என்றுதான் ரெத்தினம் நினைத்தார். வண்டியை மதகுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு அவர் நின்றார். கிட்ட வரவில்லை. ரெத்தினம் எல்லை வரைக்கும் போய் நின்று, என்ன பாய் என்றார்.

சித்தீக் காலையில் போன் பண்ணியிருந்தான். நெடுஞ்செழியன் வேலை செய்த கட்டடத்தில் சாரம் சரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஹபீப் முகம்மது கரையில் உட்கார்ந்துவிட்டார். நான்தானே விசா வாங்கிக் கொடுத்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். உடம்பை அனுப்ப வேண்டுமானால் பெற்றவர் கையெழுத்து வேண்டும், தாலுகா ஆபீசில் நேரில் வந்து போட வேண்டும், இப்போதே வண்டியில் ஏறுங்கள் என்றார்.

ரெத்தினம் ஏறவில்லை. விழவும் இல்லை, அழவும் இல்லை. கல்லைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். அங்கே முளைப்பாரிக்கு மண் சலித்துக்கொண்டிருந்தார்கள். வயலில் நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. இப்போது வாயைத் திறந்தால் காப்பு அறுந்தது, திருவிழா போனது, மூன்று வருஷத்துக்குத் தண்ணீர் கேட்க வழியில்லை. தீட்டு என்பது காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. அது ஊர் முழுக்க வைத்திருக்கிற சட்டம். இது என் ஒருத்தன் காதில்தானே விழுந்தது, என் காதோடு நிற்கட்டும் என்று அந்த மனுஷனின் மூளை கணக்குப் போட்டது. பெற்ற பிள்ளை செத்த சேதிக்கு இப்படி ஒரு கணக்கு! தங்கச்சி தண்ணீரோடு போவதைப் பார்த்துக்கொண்டே நின்ற நாலு பேர்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தார்கள். நகரக்கூடாது, நகரக்கூடாது என்று வாய் முணுமுணுத்தது.

“செவ்வாய்க்கிழமை காப்பு அவுத்ததும் வரேன் பாய். அதுவரைக்கும் இது உங்களுக்கும் எனக்கும் மட்டும். அவகிட்ட சொல்லிடாதீங்க.”

ஹபீப் முகம்மது அவர் முகத்தையே பார்த்தார். இதெல்லாம் மறைக்கிற விஷயமா என்று கேட்டார். ரெத்தினம் நாலு நூல் கட்டின கையைத் தூக்கிக் கும்பிட்டார். ஹபீப் முகம்மது ஊதுபத்திக் கட்டை மதகின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் பொன்னுத்தாய் சிவப்புச் சேலை கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். இருபது பெண்கள் சுற்றி நின்றார்கள். அவள் குரல் எடுத்தாள்:

மதகு ஒடைஞ்சு போகுதடி, அண்ணன்
மார்பு கொடுத்து நிக்குறாண்டி
கஞ்சி கொண்டு வந்த தங்கை
தண்ணியோட போறாளடி

ரெத்தினம் வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு பார்த்தார். அவள் கை தட்டுகிற ஒவ்வொரு தட்டும் அவர் நெஞ்சில் விழுந்தது. ஓடிப்போய் அவள் வாயைப் பொத்திவிடலாமா என்று இருந்தது. பொத்தவில்லை. சனிக்கிழமையும் பாடினாள். ஞாயிற்றுக்கிழமை குரல் கட்டிப்போய், பனங்கல்கண்டு வாயில் போட்டுக்கொண்டு பாடினாள். அன்றைக்குச் சோறு போடும்போது, ஏன் பாய் கடைக்குப் போன் வரவே இல்லை, பிள்ளை உங்கள் மேல் இன்னும் கோபமாக இருக்கிறானோ என்று கேட்டாள். வேலை இருக்கும் என்றார். பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். விரதம் என்று சொல்லி எழுந்துவிட்டார். கொல்லைப்பக்கம் போய் வைக்கோல் போருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றார். கட்டினவன் வீட்டில் கண்ணீர் விழக்கூடாதே, அதற்காக வைக்கோலில் விழவிட்டார். திங்கட்கிழமை கும்மியில் பொன்னுத்தாய் சிரித்துக்கொண்டே ஆடினாள். இந்த வருஷம் இவள் ஆட்டம்தான் ஆட்டம் என்று தெருவே சொன்னது.

செவ்வாய்க்கிழமை பொங்கல் வைத்து, கிடா வெட்டி, காப்பு அவிழ்த்தார்கள். அவிழ்த்த காப்பை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீர் வருகிற வரைக்கும் உன்னிடமே இருக்கட்டும் என்றார் வைத்தியலிங்கம். ரெத்தினம் நாலு நூலையும் இடுப்பு வேட்டியில் முடிந்துகொண்டார். பிறகு பொன்னுத்தாயை மரத்துக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு, அடி விழும் என்று காத்துக்கொண்டு நின்றார்.

அடி விழவில்லை. எப்போது சேதி வந்தது என்று மட்டும் கேட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் என்றார். அவள் தலையிலிருந்த பூவை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். பிய்க்கப் பிய்க்க உதடு அசைந்தது; வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். ரெத்தினம், அந்த நாலு பேரும் நகராமல் நின்றதால்தானே நாம் இருக்கிறோம் என்று ஏதோ சொல்லப் போனார்.

“அந்த நாலு பேருக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள்ல? அவகிட்ட யாரு கேட்டா?”

அவ்வளவுதான் கேட்டாள். காலம் காலமாக அந்தக் கதையைச் சொல்லிவந்த அத்தனை பேரில் ஒருத்தருக்கும் அந்த அம்மா ஞாபகம் வந்ததில்லை. பொன்னுத்தாய் அதற்கப்புறம் அவரிடம் பேசவில்லை. அழவும் இல்லை. பெண்கள் வந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்கப்புறம் தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ், மறுபடி தாலுகா ஆபீஸ். ஒரு முத்திரை சரியில்லை என்று பேப்பர் திரும்பி வந்தது. அந்த வெள்ளிக்கிழமையே வண்டியில் ஏறியிருந்தால் பிள்ளை இத்தனை நாள் ஐஸ் பெட்டியில் கிடக்க மாட்டானோ என்று ரெத்தினம் கேட்காத ஆள் இல்லை. ஹபீப் முகம்மது எல்லா இடத்துக்கும் கூடவே வந்தார்.

சேதி வந்து அறுபத்தாறாம் நாள், புரட்டாசிக் கடைசியில், திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வேனில் பெட்டி வந்தது. கேட்டால் நம்ப மாட்டீர்கள், மேட்டூர்த் தண்ணீர் வாய்க்கால் தலைப்புக்கு வந்து சேர்ந்ததும் அன்றைக்குத்தான். குறுவை நாற்றெல்லாம் காய்ந்து சருகான பிறகு! நுரையும் சருகுமாக மதகுக்குள் நுழைந்தது. ஆத்தா கண்ணைத் திறந்துவிட்டாள் என்று தெருவில் ஒருத்தர் சத்தமாகச் சொல்லிவிட்டு, வேனைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இடுகாட்டுக்குப் போகும் வழியில் மதகடியில் பெட்டியை இறக்கி மூடியைத் திறந்தார்கள். வைத்தியலிங்கம் ரெத்தினத்தின் காதோரம் குனிந்து, தண்ணீர் வந்துவிட்டது, அந்தக் காப்பை இப்போதே விட்டுவிடு, உன் பாரம் இறங்கட்டும் என்றார். ரெத்தினம் முடிச்சை அவிழ்த்து நாலு நூலையும் எடுத்தார். வாய்க்காலில் இறங்கக் கால் வைத்தார்.

பொன்னுத்தாய் எழுந்து வந்து அந்த நூலை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். துணியை விலக்கி, கருத்து விறைத்துப்போன அந்த வலது கையை வெளியே எடுத்தாள். ஒவ்வொரு நூலாக, நாலையும் பிள்ளை மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டாள். பூசாரி ஏதோ சொல்ல வந்தார், அவள் நிமிர்ந்து பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். காப்பு அவிழ்த்த அந்தச் செவ்வாய்க்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் ரெத்தினத்திடம் பேசினாள்.

“கட்டியாச்சு. இனிமே எம்புள்ள எல்லையத் தாண்ட மாட்டான்.”

பிறகுதான் அழுதாள்.