ராமென் கடையில் செக்கிங்

பெங்களூருக்கு நாங்கள் போனது ஆர்டர் பிடிக்க. பதினோரு வருஷமாகத் திருப்பூர் நல்லூரில் நானும் வீட்டுக்காரரும் பத்து மெஷின் போட்டு, சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறோம். அவர் கட்டிங், நான் தையல். எல்லாமே ஜாப் ஒர்க். பெரிய கம்பெனிக்காரர்கள் துணி அனுப்புவார்கள், தைத்துத் திருப்பி அனுப்புவோம், யாருடைய லேபிளோ ஒட்டிக்கொண்டு அது எங்கேயோ போய்ச் சேரும். நேராக ஒரு பிராண்டிடமிருந்து ஒரே ஒரு ஆர்டராவது வாங்கிவிட வேண்டும் என்பது என் வெறி. ஆசை என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகிவிடும்.

போன மாசம் அதற்கு வாய்ப்பு வந்தது. பெங்களூரில் புதிதாக டி-ஷர்ட் பிராண்ட் ஆரம்பிக்கும் ஒரு பெண் எங்கள் சாம்பிளைப் பார்த்துவிட்டு நேரில் வரச் சொன்னாள். தமிழ்ப் பெண்தான், இருபத்தைந்து வயது இருக்கும். "மதியம் ராமென் சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்" என்றாள். ராமென் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. "அதுக்கென்னங்க மேடம், எங்களுக்கும் ரொம்பப் பிடிக்குமுங்க" என்று சொல்லிவிட்டேன். இந்த வாயை வைத்துக்கொண்டுதான் நான் தொழில் செய்கிறேன்.

கடை எங்கள் அயர்னிங் ரூம் அளவுதான் இருந்தது. மேசையே கிடையாது. சுவரிலிருந்து சுவர் வரை நீளமாக ஒரு பலகை, அதற்கு முன்னால் எட்டு உயரமான ஸ்டூல்கள். பலகைக்கு அந்தப் பக்கம் சமையல்காரர். மணிப்பூர்க்காரராம். கொதிக்கிற தண்ணீரிலிருந்து நீளப் பிடி போட்ட சல்லடையில் நூடுல்ஸை அள்ளி, ஒரே உதறு. ஒரு சொட்டுகூட வெளியே விழவில்லை. கைவேலை சுத்தமாகத் தெரிந்த ஆளைப் பார்த்தால் எனக்கு உடனே சந்தோஷம் பொங்கிவிடும். ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் வீட்டுக்காரர், அந்தப் பக்கம் அந்தப் பெண். அவள் மூன்று சிக்கன் ராமென் சொன்னாள். பேச்சு நன்றாகப் போயிற்று. எங்கள் சாம்பிளை அவள் புகழப் புகழ எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பக்கத்தில் யார் டி-ஷர்ட் போட்டிருந்தாலும் கை சும்மா இருக்காது. விளிம்பைப் பிடித்துத் திருப்பி உள்தையலைப் பார்த்துவிடுவோம். கல்யாண வீடு, பஸ், ஆஸ்பத்திரி என்ற கணக்கெல்லாம் இல்லை. ஊரில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதும் இல்லை, அவர்களும் நம்முடையதைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். என் கை அவள் டி-ஷர்ட்டின் கீழ் மடிப்பைத் திருப்பியதே எனக்குத் தெரியாது. வாயும் கூடவே போய்விட்டது.

"ஏனுங்க மேடம், இதை எங்கீங்க வாங்குனீங்க? நல்லா ஏமாத்திப்போட்டாங்க. பாருங்க, மடிப்புல தையல் உட்டு உட்டு வந்திருக்குது. கழுத்துப்பட்டி ரிப்பை இழுத்து வெச்சுத் தெச்சிருக்குறாங்க. ரெண்டு தொவை தொவைச்சா சைடு தையல் முறுக்கிக்கிட்டு வயித்துக்கு வந்துருமுங்க. எங்கூருல இதைச் செக்கிங்லயே தூக்கிக் கடாசிருப்போம்."

அவள் மடிப்பை மெதுவாக என் கையிலிருந்து விடுவித்துக்கொண்டாள்.

"இது நான் தைச்சது. ஆறு மாசம் மெஷின் கத்துக்கிட்டு நானே தைச்ச முதல் பீஸ். உங்ககிட்ட காட்டத்தான் போட்டுட்டு வந்தேன்."

வீட்டுக்காரர் என்னை உதைக்கக் காலை ஓங்கிப் பலகையில் முழங்காலை இடித்துக்கொண்டார். அதற்குள் மூன்று கிண்ணங்கள் முன்னால் வந்துவிட்டன. சமையல்காரர் இந்தியில் ஏதோ சொன்னார். வடக்கத்தித் தொழிலாளர்களோடு பழகிய இந்தி எனக்கு உண்டு. ஊறிப்போவதற்குள் சாப்பிடுங்கள், பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அந்த மனுஷன் நன்றாக இருக்க வேண்டும்.

சாப்பிட்டோம். "சந்தகையைக் கொழம்புல முக்கி வெச்சிருக்குறாங்க" என்று வீட்டுக்காரர் என் காதில் சொல்லிவிட்டு, சாப்பிடக் கொடுத்த குச்சிகளை ஓரமாக வைத்து ஸ்பூன் கேட்டார். இடியாப்பத்துக்கு எங்கள் பக்கம் சந்தகை என்று பேர். நான் குச்சியாலேயே போராடினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதையும் மீறிக்கொண்டு அந்தக் கோழிச்சாறு வழவழவென்று இறங்கியது. என்ன ருசி! பாதி வெந்த முட்டையின் மஞ்சள் சாற்றில் கரைந்தபோது, ஆர்டர் போனதைக்கூட ஒரு நிமிஷம் மறந்துவிட்டேன். பலகை நெடுக எல்லோரும் கூச்சமில்லாமல் சர்ரென்று உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். நானும் உறிஞ்சினேன்.

பாதிக் கிண்ணத்தில் அவள் எழுந்து பின்பக்கம் பாத்ரூமுக்குப் போனாள்.

"உன்ற வாயை ஓவர்லாக் மெஷின்ல வெச்சுத் தெச்சு மூடியிருக்கோணும்" என்றார் வீட்டுக்காரர். நியாயமான பேச்சு.

அவள் திரும்பி வந்தபோது டி-ஷர்ட்டை உள்ளும் புறமும் மாற்றிப் போட்டிருந்தாள். தையல் எல்லாம் வெளியே. நூல் பிசிறுகள் தொங்க, கடை முழுக்கப் பார்க்க, நேராக வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"இப்ப நல்லா தெரியுதுல்ல? எல்லாத் தப்பையும் சொல்லுங்க. ஒண்ணுகூட விடாதீங்க."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. டிஷ்யூவில் மூன்று தடவை கையைத் துடைத்துக்கொண்டு கீழ் மடிப்பிலிருந்து ஆரம்பித்தேன். விரலை வைத்துக்கொண்டே மேலே போனேன், அவள் ஃபோனில் குறித்துக்கொண்டே வந்தாள். சமையல்காரர்கூடப் பலகைமேல் குனிந்து வேடிக்கை பார்த்தார். ஏழு தப்பு சொல்லியிருப்பேன். தோளுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. அந்தத் தையல் ஒரு இழை விலகாமல் போயிருந்தது.

"தோளு அருமையா வந்திருக்குது கண்ணு. எங்கிட்ட இருக்குற டெய்லருங்க பாதிப் பேரு இப்படித் தெக்க மாட்டாங்க."

மேடம் எப்போது கண்ணு ஆனாள் என்று எனக்கே தெரியாது.

அவள் திரும்பி உட்கார்ந்தாள். "முதல் லாட் டி-ஷர்ட் முழுக்க நீங்கதான் தைக்கிறீங்க. லேபிள்ல என் பிராண்டுக்குக் கீழே தைச்ச யூனிட்டோட பேரும் வரணும். என்ன பேர் போடட்டும்?"

பதினோரு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. எங்கள் யூனிட்டுக்குப் போர்டே கிடையாது. துணி இறக்க வரும் வண்டிக்காரர்கள் "பத்து மெஷின்காரங்க ஊடு எங்கீங்க?" என்று விசாரித்துக்கொண்டு வந்து சேர்வார்கள். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வாய் நிறைய நூடுல்ஸ்.

"பத்து மெஷின்னே போட்டுருங்க" என்றார்.

அவள் எழுதி என்னிடம் காட்டினாள். மூன்று தடவை வாசித்தேன். அப்புறம் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதுவிட்டு, சாற்றில் காரம் அதிகம் என்று சமையல்காரர்மேல் பழியைப் போட்டேன்.