ஆஸ்பத்திரி மூலையின் பனங்கம்பம்

மின்சாரம் படிக்க வருகிற பிள்ளைகள் நிலையியலையும் பொருட்களின் தன்மை பற்றிய பாடத்தையும் கண்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். கொழும்பில் நான் அவற்றை விரும்பி எடுத்தபோதும் கூடப் படித்தவர்கள் என்னை விட்டுவைக்கவில்லை. "கறண்ட் படிக்க வந்தனீரோ, தச்சுவேலை படிக்க வந்தனீரோ?" என்று கேட்டார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். மின்சாரம் அந்தரத்திலா நிற்கிறது? மழையிலும் காற்றிலும் அதை ஏதாவது ஒன்று தாங்கிப் பிடிக்க வேண்டும்.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. திருகோணமலைத் துறைமுகத்தில் மின் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காயப்படும் தொழிலாளர்களுக்கென்று கட்டிய ஆஸ்பத்திரிக்கு மின்கம்பி இழுக்க வேண்டும். மரக்கம்பங்கள் கப்பலில் வருவது நின்றுவிட்டதால் பனைகளைத் தறித்து நட்டோம். வில்லங்கம் தொடங்கியது மூலைக் கம்பத்தில்.

மூலையில் திரும்பும் மின்கம்பிகள் கம்பத்தை உள்பக்கமாக இழுக்கும். அதற்கு எதிராக வெளிப்பக்கம் ஓர் இழுவைக் கம்பி கட்டியிருந்தேன். லொறிகளுக்கு இடைஞ்சல் என்று, வேலையை மேற்பார்த்த ஓவசியர் அதைக் கழற்றச் சொன்னார். போதாக்குறைக்கு, குறுக்குக் கட்டை பொருத்தப் பனையில் வெட்டுப் போடவும் சொன்னார். கப்பலில் வந்த பழைய மரக்கம்பங்களில் அப்படித்தான் செய்வார்கள்.

"ஏலாது ஐயா. பனைக்குப் பலம் வெளி வைரத்திலைதான். உள்ளுக்கு வெறும் சோத்தி, பஞ்சு மாதிரி. வெட்டினால் அந்த இடத்திலையே முறியும்."

"நீர் லைற் வேலைக்காரன். மரத்தைப் பற்றி உமக்கென்ன கதை?"

"லைற்றை மரம்தானே தாங்குது?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "உம்மடை விருப்பத்துக்குச் செய்யும். ஆனால் லொறி போக வழி வேணும். கம்பம் சாய்ஞ்சால் நீர் வேலைக்கு வரத் தேவையில்லை."

பனையை வெட்டாமல் இரும்புப் பட்டி போட்டுக் குறுக்குக் கட்டையை இறுக்கினேன். வெளியே இழுத்துக் கட்ட இடமில்லையென்றால் உள்ளிருந்து தள்ளலாம். கம்பிக்குத் தள்ளத் தெரியாது, கட்டைக்குத் தெரியும். சாய்வைக் கணக்குப் பார்த்து, இன்னொரு பனந்துண்டை உள்பக்கம் முண்டு கொடுத்தேன்.

வாடைக்காற்று பேயாக அடித்த ஒரு பின்னேரம், சங்கிலியில் கால் நசுங்கிய தொழிலாளி ஒருவரைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். நான் மூலைக் கம்பத்துக்கு ஓடினேன். வழியில், வேறொரு மின்பாதைக்கு ஓவசியர் சொற்படி நட்டிருந்த, வெட்டுப் போட்ட பனங்கம்பங்கள் வெட்டிலேயே முறிந்து கிடந்தன. என்னுடையது நிமிர்ந்து நின்றது. ஆனால் உள்ளே வெளிச்சம் இருக்கிறதா என்பது தெரியவில்லை. விமானங்களுக்குப் பயந்து ஆஸ்பத்திரி யன்னல்களையெல்லாம் கறுப்புச் சீலையால் மூடியிருந்தார்கள். எங்கேயாவது ஒரு கம்பி அறுந்திருந்தால்? வேலை போனால் போகட்டும், அந்த மனிதர் இருட்டில் கிடக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரி வாசலில் மழையிலேயே காத்து நின்றேன்.

பொழுது மங்கிய மம்மலில் தாதி ஒருவர் வெளியே வந்தார். காலைக் காப்பாற்றிவிட்டார்கள் என்றார்.

"இடையிலை லைற் நூர்ந்து இருட்டானதோ?" என்று கேட்டேன்.

சொட்டச் சொட்ட நனைந்து நின்ற என்னை அவர் விநோதமாகப் பார்த்தார்.

"இல்லையே. அது ஏன் நூர வேணும்?"

அதைவிடப் பெரிய பாராட்டை நான் இன்றுவரை கேட்டதில்லை.