இருபது முழம் முன்னால்

மணி அடிக்க மாட்டார். கட்டை விரல் மணியின் மேல்தான் இருக்கும், ஆனால் அடிக்க மாட்டார். முன்னால் போகிற மாட்டு வண்டி தானாக ஒதுங்க வேண்டும். ஒதுங்காவிட்டால் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கி, வரப்பு வழியாக வண்டியைச் சுற்றி நடந்து, மறுபடி ரோட்டில் வைத்து ஏறிப் போவார். ஏன் என்று கேட்டால், "மணி அடிச்சா அவன் திரும்பிப் பாப்பான். பாத்தா பேசுவான். பேசிகினே கூட வருவான். இன்னாத்துக்கு?" என்பார்.

பூந்தமல்லி ஜம்புலிங்கத்துக்கு நாற்பத்தாறு வயது இருக்கும். ஆவடி பட்டாளத்து டிப்போவில் மரப்பெட்டிகளுக்கு இரும்புப் பட்டை அடிக்கிறார். அந்தப் பெட்டிகளுக்குப் பலகை அறுக்கிறவன் நான். கொட்டகையில் நன்றாகத்தான் பேசுவார், சிரிப்பார், பொடி கேட்டால் கொடுப்பார். சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டால் மட்டும் கூடப் பிறந்தவன் எதிரில் வந்தாலும் தெரியாத ஆள்தான்.

மூன்று வருஷமாக அவர் டியூப்பில் ஒரு ஒட்டுக்கூட இல்லை. காரணம், கண் எப்போதும் ரோட்டின் மேல். முள், லாடத்து ஆணி, கண்ணாடிச் சில்லு எது கிடந்தாலும் இறங்கிப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவர் சம்சாரம் வேம்புலியம்மாள் என்னிடமே ஒரு நாள் கையை நீட்டிக் காட்டினாள். "பாருண்ணே, சட்டை தோய்க்க சொல்லோ எப்படி கீசிகீதுன்னு. வெளிய போனா பூ வாங்கியாற புருசனைப் பாத்துகீறேன். முள்ளு பொறுக்கியாற புருசன் எனக்குத்தான் வாச்சிது." அவர் பொறுக்கிவிட்டுப் போகிற ரோட்டில்தான் பின்னால் நாங்கள் வருகிறோம். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

நாங்கள் என்றால் ஒன்பது பேர். கரையான்சாவடி முனையில் விடியும்போது சேர்வோம். ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர்கள் போய்க் கதவைத் தட்டுவோம். ஒருவருக்குப் பஞ்சர் என்றால் ஒன்பது பேரும் இறங்கிவிடுவோம்; ஒருவர் ஒட்டுவார், எட்டுப் பேர் யோசனை சொல்வோம். ஆவடிக்கு ஐந்து மைல். அதற்குள் யுத்தத்தை இரண்டு தரம் ஜெயித்து ஒரு தரம் தோற்றிருப்போம். ஏழு மணிச் சங்குக்குச் சரியாகப் போய்ச் சேருவோம். ஜம்புலிங்கமோ ஆறு இருபதுக்கே போய் கேட்டுக்கு எதிர் வேப்பமரத்தடியில் குந்தியிருப்பார்.

"சீக்கிரமா வந்து இன்னா நைனா பண்ணிகினு கீறே?" என்று தேவராஜ் சீண்டுவான். அவன் எங்களில் வாய் நீளம்.

"காத்துகினு கீறேன்."

"எதுக்கு?"

"கேட்டு தொறக்க."

"அத்த எங்ககூட வந்து காத்துகினு இருந்தா ஆவாதா?"

"கூட்டமா குந்திகினா அது காத்துகினு இருக்கறது இல்லடா. சந்தை."

எதிர்க்காற்று அடிக்கும் மாதங்களில் எங்களுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. முன்னால் போகிறவன் முதுகுக்குப் பின்னால் மற்றவர்கள் ஒண்டிக்கொள்வோம்; அவன் களைத்தால் அடுத்தவன் முன்னால் போவான். இதைக் கேட்டு ஜம்புலிங்கம் காறித் துப்பினார். "காத்துக்கு பயந்துகினு இன்னொருத்தன் முதுவுல ஒளியறது ஒரு பொழப்பா?" தனியே காற்றைக் கிழித்துப் போய்ச் சேருகிற அன்றைக்கெல்லாம் மனுஷன் மத்தியானம் வரை பெட்டி மேல் சாய்ந்து கிடப்பார். வீரம் என்றால் அசதி இல்லாமலா?

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. வருஷம் பூராவும் லேட்டாகாமல், பேருக்கு நேரே சிவப்பு மைக்கோடு விழாமல் வேலைக்கு வருகிறவனுக்கு டிப்போவில் துரை கையெழுத்துப் போட்ட பத்திரம் கொடுப்பார்கள். அதைக் கண்ணாடி போட்டு மாட்டுவதற்கு, பொறுக்கின ஆணிகளில் நல்லதாக ஒன்றைப் பார்த்து வீட்டுச் சுவரில் எட்டு மாதம் முன்பே அடித்து வைத்துவிட்டார். அந்த ஆணியில் இப்போது வேம்புலியம்மாள் சல்லடை மாட்டுகிறாள்.

இந்தச் சமயத்தில்தான் மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போய், ரப்பரும் கூடவே போயிற்று. காசு வைத்திருந்தாலும் டியூப் கிடையாது. தேவராஜ் பின்சக்கரத்துக்குள் வைக்கோல் புரி திரித்துத் திணித்துக்கொண்டு வந்தான். தகரம் பற்றவைக்கிற நூர் முகமது பாய் டியூப்பில் இருபத்து மூன்று ஒட்டு. "நம்ம டியூப்பு பக்கீர் ஜிப்பா ஆயிப்போச்சிப்பா. இது போச்சின்னா நானும் வேலைய வுட்டுட வேண்டியதுதான். இந்த முட்டிய வெச்சிகினு அஞ்சு மைலு நடக்க சொல்லாதே" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நாங்கள் சிரிக்க மாட்டோம்.

அப்போது டிப்போவில் ஒரு சட்டம் போட்டார்கள். சைக்கிளில் வருகிறவர்கள் பத்துப் பத்துப் பேராகப் பேர் கொடுத்து, மூன்று மாதம் ஒன்றாகவே கேட்டுக்குள் நுழைய வேண்டும். அப்படி வந்தால் ஆளுக்கொரு புது டியூப். ஒரு நாள் ஒரு ஆள் பிரிந்து உள்ளே போனாலும் அந்தப் பட்டியலைக் கிழித்துவிடுவார்கள். சோதனை போடுகிறவனுக்கு வேலை மிச்சமாம்.

நாங்கள் ஒன்பது பேர்.

பத்தாவது ஆளைத் தேடி ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் ஜம்புலிங்கம் வீட்டு வாசலில் போய் நின்றோம். மூன்று வருஷமாக அவரைக் கிண்டல் பண்ணின வாய்கள் ஒன்பதும் இழுத்து மூடியிருந்தன. அவருக்கு டியூப் வேண்டியதில்லை என்பது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் தொட்டு வைத்துக்கொண்டே எங்களை வெகுநேரம் நிற்கவைத்தார். பிறகு பாயின் சைக்கிளிடம் போய், டயரைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"நான் உங்ககூட வரல. நீங்க எங்கூட வரீங்க. சம்மதமா?"

"சம்மதம்" என்றோம்.

"இருபது முழம் முன்னால போவேன். ஒருத்தனும் பக்கத்துல வரக்கூடாது. பேச்சு குடுக்கக்கூடாது. மணி அடிக்கக்கூடாது. நானும் திரும்பிப் பாக்க மாட்டேன்."

அப்படியே நடந்தது. தினம் எங்களுக்கு இருபது முழம் முன்னால் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துத் தனியாகப் போனார். திரும்பிப் பார்க்காமல், எங்கள் சத்தத்தைக் காதால் அளந்தே தூரம் வைத்துக்கொண்டார். சென்னீர்குப்பத்து நாய்கள் முதலில் வருகிறவரையே விரட்டும். அவரை விரட்டிக் களைத்த பிறகு எங்களைப் படுத்தபடியே பார்க்கும். "தனியா போறதுல ஒரு சொகம் கீது அண்ணாத்தே, நமக்கு" என்றான் தேவராஜ்.

மூன்று மாதம் முடிய இரண்டே நாள். பத்திரத்துக்குப் பன்னிரண்டு நாள். மார்கழி, வாடைக்காற்று நேர் எதிரில். காடுவெட்டி தாண்டினதும் பாயின் டியூப் ஒட்டின் மேல் ஒட்டாகப் போட்ட இடத்தில் வெடித்தது. நாங்கள் இறங்கினோம். ஜம்புலிங்கம் போய்க்கொண்டே இருந்தார். கூப்பிட்டோம், கத்தினோம். அவர் போட்ட சட்டத்தை மீறி ஒன்பது பேரும் சைக்கிள் மணியை அடித்தோம். காற்று எங்கள் சத்தத்தைத் திருப்பி எங்கள் மூஞ்சியிலேயே அடித்தது. அவர் முதுகு சின்னதாகி மறைந்தது.

ஒட்டி, எங்களிடமிருந்த ஓட்டைப் பம்பால் மாற்றி மாற்றி அடித்து, பருத்திப்பட்டு தாண்டும்போதே சங்கு ஊதிவிட்டது. அன்றைக்கு எங்கள் ஜமாவில் யாரும் யுத்தத்தை ஜெயிக்கவில்லை. கடைசியில் தேவராஜ்தான் வாயைத் திறந்தான்.

"தனியாளு தனியாவே பூந்துருப்பான். பட்டியல் கிழிஞ்சிது."

"அவன் மேல தப்பு இல்லப்பா" என்றார் பாய். "அவன் மொதல்லயே சொன்னான், நம்மகூட வரலன்னு."

கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் ஜம்புலிங்கம் நின்றுகொண்டிருந்தார். முன்சக்கரம் தட்டையாகத் தரையில் ஒட்டிக்கிடந்தது. பம்பு கட்டினபடியே சைக்கிளில் இருந்தது. எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. உதட்டை இறுக்கி வைத்துக்கொண்டு முறைத்தார். சரி, நல்ல கோபத்தில் இருக்கிறார் என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டோம்.

கேட்டு கிளார்க்கு கங்காதரன் வெளியே வந்தான். "இன்னாய்யா, மொத்த ஜமாவும் லேட்டு?"

"பஞ்சரு" என்றேன்.

"பத்து பேருக்குமா?"

"பத்து பேரும் ஒண்ணா வரணும்னு சட்டம் போட்டது யாரு? நானா?"

கங்காதரன் ஜம்புலிங்கத்தின் பக்கம் திரும்பினான். "யோவ், நீ அப்பவே வந்து நின்னுகினு இருந்தியே? உள்ள வந்துருந்தா உன் பேருல கோடு விழுந்திருக்காதே?"

ஜம்புலிங்கம் பேசாமல் முன்சக்கரத்தைக் காட்டினார்.

"வரசொல்லோ நல்லா காத்து இருந்துதேய்யா!"

மறுபடியும் சக்கரத்தைக் காட்டினார்.

கங்காதரன் தலையில் அடித்துக்கொண்டு, பட்டியலில் பத்துப் பேருக்கும் ஒரே இழுப்பில் சிவப்புக்கோடு போட்டான். பத்தாவது பேரில் பேனா கொஞ்சம் தயங்கின மாதிரி எனக்குப் பட்டது. பட்டியல் கிழியவில்லை. கேட்டு திறந்தது. மற்றவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். பாய் தம் டயரை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே போனார்.

நான் கொஞ்சம் பின்தங்கினேன். ஜம்புலிங்கம் பம்பை அவிழ்த்துக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். நான் நிற்பதைக் கவனிக்கவில்லை. உள்ளங்கையை வாய்க்குக் கீழே பிடித்தார். காற்றை அடைக்கிற அந்தச் சின்ன வால்வு ஆணியை அதில் துப்பி, அரை நிஜாரில் துடைத்து, சக்கரத்தில் திருக ஆரம்பித்தார்.