விரல் தட்டாத இடம்

எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு கார் நிற்கிறது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். கூரை துணி, வேண்டாமென்றால் பின்னால் மடக்கிவிடலாம். நீண்ட மூக்கு, கம்பி போட்ட சக்கரங்கள், கரும்பச்சைப் பெயிண்ட். இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்து, விக்கிரமசிங்கபுரத்தில் மில் துரைமார் யாரோ ஓட்டி, அவர்கள் ஊரைவிட்டுப் போனபின் கைமாறிக் கைமாறி, கடைசியில் ஒரு பங்களாவின் பின்னால் கோழி அடைந்து கிடந்த வண்டி. இன்று அதைப் பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். ஆனால் அது எங்கள் வாசலைத் தாண்டியதில்லை. தாண்டாமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு. இதை நான் சொல்ல வேண்டியவரிடம் சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் அந்த நூல் மில்லில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்தவர். இயந்திரங்களைப் பிரித்துச் சரிசெய்து மாட்டுவது வேலை. அவருக்கு ஒரே வேதம்தான்: நூல் ஓடும் வழியில் பிசிறு இருக்கக் கூடாது. இரும்பில் மயிரிழை மேடு இருந்தாலும் நூல் மாட்டி அறுந்துவிடும். அதனால் எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் ஆட்காட்டி விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். விரல் தட்டினால் உடனே அரமும் எமரித் தாளும் வந்துவிடும். வீட்டிலும் அப்படித்தான். கதவுத் தாழ்ப்பாள், இட்லித் தட்டின் விளிம்பு, நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் டிபன் பாக்ஸ் மூடி எல்லாம் ராவி ராவி வழவழவென்று வைத்திருந்தார். தேங்காய் துருவும் திருவலை ஒன்றுதான் தப்பியது, அதுவும் நான் ஒளித்துவைத்ததால்.

அவர் ஓய்வு பெற்ற வருஷம் அந்த பங்களாவைக் காலி செய்தார்கள். காரைப் பழைய இரும்பாகத் தள்ளிவிட இருந்ததை இவர் கேட்டு வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். கூடவே பூச்சி அரித்த பழைய ஆர்.சி. புத்தகமும் வந்தது. மகள் கல்யாணமாகிப் பெங்களூர் போய்விட்டாள். வீட்டில் இடமும் இருந்தது, இவரிடம் பொழுதும் இருந்தது. ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இது அசைய வேண்டிய சாமான். ஆனால் அசையாமல் தின்றது. கோயம்புத்தூர் பக்கம் இந்த மாதிரிப் பழைய கார்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களைப் பிடித்து, அவர்கள் மூலமாக ஒவ்வொரு சாமானாக இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். பார்சல் வந்த அன்று சாப்பாட்டு நினைப்பு இருக்காது. நான் அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தேன். அவருக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது. "சக்களத்திக்கு இன்னைக்குக் கண்ணு வந்திருக்கு, டீச்சர்" என்பார், முகப்பு விளக்கு வந்த அன்று.

கார் வந்த ஏழாவது வருஷம் அவர் கண்ணில் கோளாறு தெரிந்தது. நடக்கும்போது தூணில் தோளை இடித்துக்கொள்வார். பாளையங்கோட்டையில் கண் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டதாகச் சொன்னார். பக்கத்துப் பார்வை பாதி போயாயிற்று, போனது திரும்பாது, மருந்து போட்டால் நேர்ப்பார்வை இன்னும் இரண்டு வருஷம், கூடினால் மூன்று வருஷம் தாங்கும், அதன்பிறகு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றார். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் திரும்பி வந்தோம். கல்லிடைக்குறிச்சி வந்ததும் சொன்னார்:

"அதுக்குள்ள ஒரு தடவ ஓட்டிரணும் ளா. பாவநாசத்துல எடுத்து, ஆத்தோரமாவே திருநெல்வேலி வரைக்கும். கூரைய மடக்கி விட்டுட்டு, நீயும் நானும்."

"எனக்கு முடியெல்லாம் கலைஞ்சு போவும்" என்றேன்.

"முக்காடு போட்டுக்க."

அவர் வாழ்க்கையில் என்னிடம் கேட்ட ஆசை அது ஒன்றுதான். அதற்குப் பிறகு பொழுது விடிந்ததிலிருந்து கொட்டகையில்தான் இருப்பார். கண் குறையக் குறைய விரல் வேலை கூடியது. தடவித் தடவியே எல்லாவற்றையும் மாட்டினார். இருட்டான இடுக்குகளுக்கு மட்டும் நான் லைட் பிடிக்க வேண்டும்.

அதற்கு அடுத்த வருஷம் நான் ஓய்வு பெற்றேன். பள்ளிக்கூடத்தில் பிரிவுபசார விழா வைத்தார்கள். நாலு மணிக்கு வருகிறேன் என்று இவர் சொல்லியிருந்தார். மேடையில் எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை பேசினார், பிள்ளைகள் ஆடினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. கடைசியில் யாரோ அதில் என் கைப்பையை வைத்தார்கள். மாலையும் கையுமாக நான் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தபோது, இவர் கொட்டகையில் காருக்கு அடியில் படுத்திருந்தார்.

"அய்யோ, நாலு மணியாயிருச்சா" என்றார். அப்போது மணி ஆறே முக்கால்.

 முப்பத்திரண்டு வருஷ டீச்சர் வேலையில் ஒரே ஒருமுறை வருகிற நாள் அது. மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சோறு பொங்கினேன். எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன். கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வேன். அது கத்துவதைவிட மோசம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை லைட் பிடிக்கக் கூப்பிட்டார். போனேன். முன்சக்கரத்தை ஒட்டி, காரின் அடிச்சட்டத்தில் பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். விரலை வைத்துத் தடவினார். நின்றார். மறுபடி தடவினார்.

"ஏளா, அங்கன என்ன இருக்கு? வெரல் தட்டுது."

லைட்டைக் கிட்டே கொண்டுபோனேன். துருவுக்கு அடியில் எண்கள் இருந்தன. வரிசையாக, இரும்பில் அடித்துப் பதித்த எண்கள். நடுவில் ஒரு ஏழு மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. பிள்ளைகளின் சிலேட்டில் சாய்ந்த ஏழுகளை ஆயுசு முழுக்கத் திருத்தியவள் நான். அது என் கண்ணில் படாமல் போகுமா? அது எதற்கான எண் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எண் என்று தெரியும். "நம்பர் போட்டிருக்கு" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் சந்தோஷப்படுவார். படிக்கச் சொல்வார். நோட்டில் குறித்து வைக்கச் சொல்வார். சக்களத்தியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். அந்தக் காலி நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர்.

"துரு" என்றேன்.

அவர் அரத்தை எடுத்தார். பிறகு எமரித் தாள். நான் லைட்டைப் பிடித்துக்கொண்டே நின்றேன். சாய்ந்த ஏழு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போனதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். முடித்ததும் விரலால் தடவிப் பார்த்து, "இப்பத் தட்டல" என்றார். நிறைவாகச் சொன்னார்.

வண்டி முடிந்தது. அந்த வருஷ ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கொட்டகையிலிருந்து முற்றத்துக்கு எடுத்தார். பக்கத்துத் தெருவே வந்து நின்றது. ரோட்டில் இறக்குவதற்குப் பதிவு வேண்டும். பழைய வண்டிகளுக்கென்று தனியாக ஒரு பதிவு இருக்கிறது என்று மகள் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தாள். கோயம்புத்தூர்க்காரர்களும் போட்டோவைப் பார்த்துப் பாராட்டி எழுதினார்கள். நான் புதிதாக ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வைத்திருந்தேன்.

சோதனை போட வந்த அதிகாரி நல்ல மனிதர். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, இப்படி ஒன்றை நேரில் பார்த்ததே இல்லை என்றார். பிறகு பழைய புத்தகத்தைத் திறந்து அதிலிருந்த எண்ணை வாய்விட்டுப் படித்தார். நடுவில் ஏழு வந்தது. 

"சேசிஸ் நம்பர் எங்கன இருக்கு அண்ணாச்சி?"

"முன்வீல் பக்கம் இருக்கும்னு இப்பத்தான் கோயம்புத்தூர்ல சொன்னாங்க சார்" என்றார் இவர்.

அதிகாரி குனிந்து, அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டவைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தார். பதிந்த எண் அப்படியே தாளில் விழும். அதைத்தான் கோப்பில் ஒட்டுவார்களாம். தாளை எடுத்தார். முழுக்கக் கறுப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. இன்னொரு தாளை வைத்துத் தேய்த்தார். அதுவும் அப்படித்தான்.

"ஒண்ணும் விழலியே அண்ணாச்சி. யாரும் ராவிட்டாங்களா?"

இவர் மண்டிபோட்டு உட்கார்ந்து கையை உள்ளே விட்டார். விரல் அந்த இடத்தில் இரண்டு தரம் போய்வந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் அம்மா செத்த அன்றுகூட அந்த முகம் இல்லை.

"நாந்தான் சார் ராவுனேன்" என்றார்.

நம்பர் இல்லாத வண்டியைப் பதிய முடியாது. திரும்ப எண் பொறிக்க மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும், மனு கொடுங்கள் என்றார் அதிகாரி. கொடுத்தோம். விளக்கம் கேட்டார்கள், அதையும் கொடுத்தோம். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் போனில், நம்பர் இல்லாத வண்டி தகப்பன் பெயர் தெரியாத பிள்ளை மாதிரி என்று சொல்லிவிட்டு, அதன்பிறகு பேசுவதையே விட்டுவிட்டார். தெரிந்த லேத் பட்டறைக்காரர், "நீங்க நம்பரச் சொல்லுங்க, அரை மணி நேரத்துல அடிச்சுத் தாரேன்" என்றார். இவர் ஒப்பவில்லை. "களவாண்ட வண்டி மாதிரி ஓட்டவா ஒம்பது வருசம் கெடந்தேன்?" என்று கேட்டார்.

அனுமதி வந்தபோது பங்குனி மாதம். தபாலைக் கையில் வாங்கி, தாளைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "படி டீச்சர்." படித்தேன். தைப்பொங்கலுக்கே அவருக்கு என் முகம் தெரியாமல் போய்விட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, பழக்க தோஷத்தில், "கண் கெட்ட பிறகு சூரிய..." என்று தொடங்கி, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

மகள் வேறு ஆளை வைத்து ஓட்டலாமே என்றாள். இவர் சிரித்தார். "ரெண்டு சீட்டுதான் இருக்கு. ஓட்டுதவன் ஒருத்தன் உக்காந்தா, நான் ஏறவா, உங்கம்ம ஏறவா?"  எண்ணை அவர் பொறிக்கவும் இல்லை. நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கியதுதான் அந்த வண்டி ஓடிய தூரம்.

இப்போதும் காலையில் குளித்ததும் கொட்டகைக்குப் போவார். பழைய வேட்டித் துணியால் வண்டியைத் துடைப்பார். கடைசியாக அந்த இடத்துக்குக் கை போகும். அப்போது நான் காப்பியோடு பக்கத்தில் இருந்தால் கேட்பார். வாரத்தில் ஒரு நாளாவது கேட்டுவிடுகிறார். நேற்றும் கேட்டார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்கிறேன். அவர் என்னைச் சொல்ல விடுவதில்லை.

"நீ லைட்ட வச்சுப் பாத்தேல்லா, துருன்னுதான சொன்ன. கண்ணு தெரிஞ்ச ஒனக்கே தெரியலன்னா, அங்கன மின்னாலயே ஒண்ணும் இருந்திருக்காது. நான் அழிக்கல. அப்படித்தான ளா?"

"ஆமாங்க" என்றேன். "துருதான் இருந்துச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு காப்பிக்குக் கையை நீட்டினார்.