ஹில்டிங்கின் வெற்றிக் கேக்

சுவீடனின் வடபகுதிக் கடற்கரையில் ஒரு சிறு துறைமுக நகரம். அங்கே ஹில்டிங் ஓஸ்ட்பெர்க் இருபத்தாறு ஆண்டுகளாக அரசு வழக்கறிஞர். அவர் தவறாமல் நிறைவேற்றிய கடமை ஒன்று உண்டு: மூன்று மணிக் காபி. வழக்குக் காத்திருக்கும், சாட்சி காத்திருப்பாள், இலவங்கப்பட்டை ரொட்டி காத்திராது.

அடிபட்டவர்களை விசாரணைக்கு முன் சந்திப்பதில்லை என்பது அவருடைய கொள்கை. "சாட்சிக்கு நான் சொல்லிக் குடுத்துட்டேன்னு யாரும் பேசிடக் கூடாது, குன்னெல்" என்பார். சோம்பலுக்கு இவ்வளவு நேர்த்தியாகச் சட்டை தைத்தவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

செயலாளர் குன்னெல் அச்சட்டையின் உள்தையலையும் அறிந்தவள். பேக்கரியில் வேலை செய்யும் சிக்னேயின் வழக்கு வந்தபோது, அவள் ஒரு விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து ஹில்டிங்கின் மேசைமேல் வைத்தாள். சிக்னே சாட்சி சொல்லும்போது, அவளை அடித்த முன்னாள் கணவன் ரோகர் அடுத்த அறையில் அமர்ந்து ஒலிபெருக்கியில் கேட்கட்டும் என்பது கோரிக்கை. ஒரு கையெழுத்துப் போதும். ஹில்டிங் அதன்மேல் காபிக் கோப்பையை வைத்தார். அடித்ததைக் கண்டவர் வேறு எவருமில்லை. சிக்னே பேசாவிட்டால் வழக்கே இல்லை.

விசாரணை நாளன்று நீதிமன்ற நடைக்கூடத்தில் ஹில்டிங் சிக்னேயிடம் கை நீட்டினார்.

"வணக்கம் சிசிலியா. பயப்படாம நடந்தத சொல்லும்மா."

"என் பேரு சிக்னே சார். அவன் உள்ள இருப்பானா?"

"இருக்காம? அவன் கேஸுதானே!" சிரித்தபடி உள்ளே போனார்.

கோப்புகளுடன் கூட வந்திருந்த குன்னெலுக்குப் பொறுக்கவில்லை. "இந்த ஆள நம்பாத, கண்ணு. ரோகர வெளிய அனுப்பச் சொல்லி நீயே ஜட்ஜ்கிட்ட கேளு. கேக்கலாம்."

சாட்சி நாற்காலியில் சிக்னே அமர்ந்தாள். ரோகர் மேசையை விரலால் மெல்லத் தட்டினான். வீட்டில் அடிப்பதற்குமுன் அப்படித்தான் தட்டுவான். அவள் தொடங்கிய வாக்கியத்தைப் பாதியில் விட்டு அந்த விரலையே பார்த்தாள். ஹில்டிங் கடிகாரத்தைப் பார்த்தார்: இரண்டு நாற்பது.

"சாட்சிக்குப் பேச இஷ்டமில்லேன்னா..." என்று எழுந்தார்.

"பேசறேன்!" சிக்னே நீதிபதியை நோக்கினாள். "அவன் அடுத்த ரூம்ல உக்காந்து கேக்கட்டும். அப்பறம் எல்லாத்தயும் பேசறேன்."

"இத நீங்கதானே முன்னாடியே கேட்டிருக்கணும்?" என்றார் நீதிபதி, ஹில்டிங்கைப் பார்த்து.

ரோகர் அடுத்த அறைக்கு அனுப்பப்பட்டான். சிக்னே ஐம்பது நிமிடம் பேசினாள். ஹில்டிங்குக்குக் காபி தவறியது. அவ்வழக்கில் அவர் செய்த ஒரே தியாகம் அதுதான்.

ரோகருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. வென்றால் கேக் வெட்டுவது அலுவலக வழக்கம். பச்சை நிறப் பாதாம் மாவு உறை போர்த்திய கேக்கை வாங்க ஹில்டிங்கே பேக்கரிக்குப் போனார். வெள்ளைத் தொப்பியுடன் சிக்னே நின்றாள்.

"என்ன எழுதணும் சார்?"

"'வாழ்த்துகள் ஹில்டிங்'னு எழுதும்மா. பெரிய கேஸு. அந்தப் பொண்ணு வாயே தொறக்கல. நாந்தான் பேச வெச்சேன்."

அவள் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் எழுதிப் பெட்டியை மூடினாள்.

மூன்று மணிக்குக் குன்னெல் அதைத் திறந்தாள். 'வாழ்த்துகள் சிக்னே.'

"யாரு இந்த சிக்னே?" ஹில்டிங் முகம் சுளித்தார். "பேக்கரிக்காரி தப்பா எழுதிட்டா."

"தப்பெல்லாம் இல்ல, ஹில்டிங்" என்று அவர் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டாள் குன்னெல். பெயர் இருந்த துண்டைத் தனியே வெட்டியெடுத்து, பேக்கரிக்குக் கொண்டுபோகத் தன் டப்பாவில் வைத்தாள். அவருக்கு ஓரத்தைக் கொடுத்தாள்.