இவன் பிழைச்சு என்னத்துக்கு?

மலாயாவுல எமர்ஜென்சி காலம், காட்டுக்குள்ள இருந்த கம்யூனிஸ்ட்காரங்களோட வெள்ளைக்காரன் சண்டை போட்ட சமயம். மலாக்கா பக்கம் ரெம்பியாவுக்கு உள்ளே தள்ளி எங்க ரப்பர் தோட்டம். தோட்டத்து ஆஸ்பத்திரியை ஆண்டவர் ஒரு டிரஸர். ஊசி போடவும் கட்டுப் போடவும் படிச்சவர், அவ்வளவுதான். ஆனா நடையைப் பார்த்தா பிரம்மாவே கையெழுத்துக்கு இவர்கிட்ட வருவான்னு தோணும்.

கிழட்டு ரப்பர் மரத்தைச் சாய்க்கும்போது எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு காலும் அடியில மாட்டிக்கிச்சு. முழங்காலுக்குக் கீழே கூழ். டிரஸர் எட்டிப் பார்த்தார். "மலாக்கா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினா காலை எடுத்துருவாங்க. அப்புறம் மரம் வெட்ட முடியுமா? இவன் பிழைச்சு என்னத்துக்கும்மா? நிம்மதியாப் போகட்டும்"ன்னு என்கிட்ட சொன்னார். அவர் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தாத்தான் லோரி, அப்பத்தான் முள்கம்பி கேட்டும் திறக்கும். கட்டில்ல கிடந்த மனுஷன் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தார். அவரை ஒரு வார்த்தை கேக்கணுமே! மரம் வெட்டாதவனுக்கு மூச்சு எதுக்குங்கிறது அந்தாளு கணக்கு. தூ!

எங்க சொந்தபந்தம் அதுக்கும் மேல. படிச்சவர் சொல்லிட்டார்னு பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிட்டு, வாயில பால் ஊத்த வந்துட்டாங்க. பசும்பாலுக்கு எங்கே போறது? காட்டுக்காரனுக்குப் போயிடக் கூடாதுன்னு கடையிலயே ஓட்டை போட்டுக் கொடுக்கிற டின் பால்தான். பெரிய நாத்தனார் அழுதுக்கிட்டே ஒரு கரண்டி ஊத்தினாங்க. அவர் முழுங்கினார். உதட்டை நக்கினார். "இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா"ன்னார்.

எனக்கு வெறி வந்துடுச்சு. கேட்டுக்கு ஓடி, ரப்பர் ஏத்தி வந்த லோரிக்கு முன்னால மண்ணுல படுத்தேன். "அவரை ஏத்துறியா, என் மேல ஏத்துறியா?"ன்னு கத்தினேன். காவலுக்கு நின்ன மலாய்க்காரர் துண்டு கேக்காமலே கேட்டைத் திறந்துவிட்டார்.

ரெண்டு காலும் போச்சு. ஆள் வந்துட்டார். வாசல்ல உக்காந்து சீட்டாட்டத்துல கள்ளாட்டம் ஆடினார், கறியில உப்பு இல்லைன்னு என்னை வைதார். எனக்கு அது போதும்.

ஒரு சாயங்காலம் டிரஸர் அந்தப் பக்கம் வந்தார். எங்க வீட்டுக்காரர் எதிர்லயே உக்காந்திருக்க, என்னைப் பார்த்து, "இப்படிக் கிடக்கிறது இவனுக்குக் கஷ்டமா இல்லையாம்மா?"ன்னார்.

"காலைத்தானே வெட்டினாங்க, வாய் இருக்குல்ல? அவர்கிட்டயே கேளுங்க"ன்னேன்.

டிரஸர் தலையை ஆட்டிட்டு, மறுபடியும் என்னைத்தான் பார்த்தார். "ராத்திரியில தூங்குறானா?"ன்னார்.